எதுக்கும்மா உங்களுக்கு இது?

அந்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம். கவுன்டரில் இருந்தவர் என் மனுவை ஒரு வரி விடாமல் படித்தார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலி என்று தெரிந்ததும் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "எதுக்கும்மா உங்களுக்கு இது?"

நான் கேட்டது மழைக் கணக்கு. எங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு மழைமானியில் 2005 ஜனவரி முதல் 2018 டிசம்பர் வரை, நாள்வாரியாக எத்தனை மில்லிமீட்டர் பதிவானது என்ற கணக்கு. அவ்வளவுதான். யார் பட்டாவும் இல்லை, யார் சம்பளமும் இல்லை. வானத்திலிருந்து விழுந்த தண்ணீர்.

"சும்மாதான் சார்" என்றேன். அது தப்பான பதில் என்று சொன்ன உடனே தெரிந்துவிட்டது. அரசு அலுவலகத்தில் 'சும்மா' என்ற சொல்லைப் போலச் சந்தேகத்தைக் கிளப்புவது வேறு எதுவும் இல்லை. பத்திரிகையா, கேஸ் போடப் போறீங்களா, ரியல் எஸ்டேட்டா என்று வரிசையாகக் கேட்டார். தாம்பரத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவள் என்று சொன்னதும் இன்னும் குழம்பிவிட்டார்.

உண்மையில் எனக்கும் தெளிவான காரணம் இல்லை. எங்கள் வீடு முடிச்சூரில். 2015 டிசம்பர் 1ஆம் தேதி ராத்திரி மாடிப்படியில் ஒவ்வொரு படியாகத் தண்ணீர் ஏறுவதை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏழாவது படியோடு நின்றது. மாமியார் அதுவரைக்கும் எண்ணிக்கொண்டே இருந்தார். தண்ணீர் வடிந்த பிறகு தெருவில் எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் பேசினார்கள்: செம்பரம்பாக்கத்தில் எவ்வளவு திறந்தார்கள், எத்தனை மணிக்குத் திறந்தார்கள். ஆளுக்கொரு எண் சொன்னார்கள். டீக்கடையில் அது லட்சத்தைத் தாண்டியது. வினாடிக்கு 29,000 கன அடி என்று, அரசுக் கணக்கைத் தணிக்கை செய்யும் சிஏஜியின் அறிக்கை வந்து சொல்ல 2018 ஆனது. கணக்கு எழுதிப் பிழைக்கிறவளுக்கு இது தாங்கவில்லை. வவுச்சர் இல்லாத செலவைப் பார்த்தது மாதிரி இருந்தது.

தெருவில் அந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோதுதான் சென்னைக் குடிநீர் வாரியமான மெட்ரோ வாட்டரின் இணையதளத்தில் ஏரி நிலவரப் பக்கத்தைக் கண்டுபிடித்தேன். சென்னையில் நிறைய பேருக்கு அந்தப் பக்கம் தெரியும். தெரியாதவர்கள் ஒரு தடவை போய்ப் பாருங்கள். பூண்டி 3,231, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645 என்று மில்லியன் கன அடியில் முழுக் கொள்ளளவு. பக்கத்தில் இன்றைய மட்டம், இருப்பு, வரத்து, வெளியேற்றம், மழை, போன வருடம் இதே நாளில் இருந்த இருப்பு. பழைய தேதியைப் போட்டால் அந்த நாள் கணக்கு வரும். லாகின் கிடையாது, ஓடிபி கிடையாது, எதற்கு என்று கேட்கும் கட்டமும் கிடையாது. 2019 ஜூனில் அந்த நான்கு ஏரிகளையும் சேர்த்து 11,257 மில்லியன் கன அடிக் கொள்ளளவில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாமல் போனபோது, அந்த அவமானமான எண்ணையும் அதே பக்கத்தில்தான் போட்டார்கள். நிலைமை நன்றாக இருக்கும்போது எண்ணைக் காட்டுவது பெரிய காரியம் இல்லை. வற்றியபோதும் காட்டினார்களே, அதற்குத்தான் என் மரியாதை.

2016 ஜனவரியிலிருந்து அதை எக்செல்லில் ஏற்ற ஆரம்பித்தேன். ஏரி சரி, எங்கள் பக்கத்து மழை வேண்டாமா? வானிலை ஆய்வு மையத்தின் புனே அலுவலகம் 1901 முதலான தினசரி மழையை நாடு முழுக்கக் கட்டம் கட்டிப் பிரித்து, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. அருமையான வேலை. ஆனால் ஒரு கட்டம் கால் பாகை, அதாவது பக்கத்துக்கு ஏறக்குறைய 27 கிலோமீட்டர். அந்த 2015 மழையில் நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ., தாம்பரத்தில் 49 செ.மீ. நடுவில் ஒரு மின்சார ரயில் தூரம்தான். கட்டத்துக்குள் போட்டுச் சராசரி எடுத்தால் எங்கள் ஏழு படிகள் மூன்று படியாகிவிடும். அதனால்தான் அந்த மழைமானியைத் தேடிப் போனேன்.

கவுன்டரில் வேலை ஆகவில்லை. வெள்ளைத்தாளில் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது பிரிவு 6(2): மனுதாரர் எதற்காகக் கேட்கிறார் என்ற காரணத்தைச் சொல்லத் தேவையில்லை. 2005இல் இதை எழுதியவர்களுக்கு நம் கவுன்டர்களைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது.

எக்செல் கோப்பாகக் கொடுங்கள் என்று கேட்டிருந்தேன். முப்பது நாள் முடிய இரண்டு நாள் இருக்கும்போது பதில் வந்தது: 'கோரிய வடிவில் தகவல் பராமரிக்கப்படவில்லை, பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் 168 பக்கங்களுக்கு 336 ரூபாய் செலுத்தி நகல் பெற்றுக்கொள்ளலாம்.' மாதத்துக்கு ஒரு பக்கம், பதினான்கு வருடம். கணக்கு சரிதான். ஆனால் நான் முதல் நாள் போயிருந்தபோது அந்த மேஜையில் இருந்த கம்ப்யூட்டரில் மழைக் கணக்கு எக்செல்லில் திறந்து இருந்ததை இந்தக் கண்ணாலேயே பார்த்தேன்.

முதல் மேல்முறையீடு போட்டேன். சட்டத்தின் பிரிவு 2(ஜே) கம்ப்யூட்டரில் உள்ள தகவலை டிஸ்கெட்டிலோ ப்ளாப்பியிலோ டேப்பிலோ வீடியோ கேசட்டிலோ வேறு எந்த மின்னணு முறையிலோ பெறும் உரிமை உண்டு என்று சொல்கிறது. அதை அடிக்கோடிட்டு அனுப்பினேன். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி தங்கமான மனிதர். டீ வரவழைத்தார். பொதுத் தகவல் அலுவலரைப் பார்த்து "அம்மா கேக்கற மாதிரியே கொடுத்துடுங்கப்பா" என்றார். எழுந்து வரும்போது மெதுவாக, "கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க, எதுக்கு இது?" என்றார்.

மூன்று வாரம் கழித்துத் தபாலில் ஒரு சிடி வந்தது. என் லேப்டாப்பில் சிடி போட இடமே கிடையாது. பக்கத்துத் தெரு ஸ்டுடியோக்காரரிடம் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தால், உள்ளே ஒரே ஒரு பிடிஎஃப். அந்த 168 பக்கப் பதிவேட்டையும் ஸ்கேன் செய்திருந்தார்கள். கோணலாக, சில பக்கங்கள் தலைகீழாக. மின்னணு முறைதான், மறுக்க முடியாது.

சரி, உட்கார்ந்து அடிக்க வேண்டியதுதான். 5,113 நாள். ராத்திரி சீரியல் ஓடும் நேரத்தில் தினமும் இரண்டு பக்கம் என்று ஆரம்பித்தேன்.

கொள்கை இல்லாமல் இல்லை. தேசியத் தரவுப் பகிர்வு, அணுகல் கொள்கை என்று மத்திய அரசு 2012இலேயே கொண்டுவந்துவிட்டது. மக்கள் பணத்தில் திரட்டிய தரவு மக்களுக்கு, அதுவும் இயந்திரம் படிக்கும் வடிவில் என்கிறது. ஒவ்வொரு துறையும் மூன்று மாதத்துக்குள் ஐந்து முக்கியமான தரவுத் தொகுப்புகளையாவது ஏற்ற வேண்டும் என்று கெடுவும் வைத்தார்கள். அதற்காகவே ஒரு தேசிய இணையதளம் வந்தது. 2017இல் தனி உரிமமும் வந்தது: மூலத்தைச் சொல்லிவிட்டு யாரும் எதற்கும் பயன்படுத்தலாம், வியாபாரத்துக்குக்கூட. காகிதத்தில் நாம் பல நாடுகளுக்குச் சளைத்தவர்கள் இல்லை. ஆனால் கொள்கை டெல்லியில் இருக்கிறது. பதிவேடு பீரோவில் இருக்கிறது. பீரோ சாவி லீவில் இருக்கிறது.

பிடிஎஃப் என்றதும் இன்னொன்று. வேறொரு துறையின் தளத்தில் தமிழிலேயே ஒரு புள்ளிவிவரக் கையேடு கிடைத்தது. ஸ்கேன் இல்லை, அச்சு அச்சாக எழுத்து. சந்தோஷமாக 'தமிழ்நாடு' என்ற தலைப்பை நகலெடுத்து ஒட்டினால், ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி, ஈ, எச், எல் என்று ஆங்கில எழுத்துகள் வந்து விழுந்தன. பாமினி எழுத்துரு. கண்ணுக்குத் தமிழ், கம்ப்யூட்டருக்குக் கண்டபடி. தேடினால் கிடைக்காது, வரிசைப்படுத்தினால் வராது. யூனிகோடு, டேஸ்16 என்ற பொதுவான குறியாக்க முறைகளை அரசின் தரமாக 2010இல் செம்மொழி மாநாட்டை ஒட்டியே அறிவித்தாகிவிட்டது. எங்கேயோ ஒரு மேஜையில் பழைய கம்ப்யூட்டரும் பழைய பழக்கமும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. டைப் அடிப்பவரைக் குறை சொல்லத் தோன்றவில்லை. அவருக்கு அச்சில் நன்றாக வந்தால் போதும் என்றுதானே சொல்லிக் கொடுத்தோம்.

அடிக்க ஆரம்பித்ததும் என் தப்புகள் வெளியே வந்தன. முதல் மாதமே ஒரு அதிசயம்: மே 11ஆம் தேதி 112 மி.மீ. மழை. அக்னி நட்சத்திரத்தில்! ஊரே கொண்டாடியிருக்குமே, எனக்கு எப்படி மறந்தது என்று யோசித்தேன். பிறகுதான் உறைத்தது. நான் அடித்தது 05/11, நவம்பர் 5. எக்செல் அதை அமெரிக்க வழக்கப்படி மே 11 ஆக்கிவிட்டது. 12ஆம் தேதிக்கு மேல் மாற்ற முடியாததால் அவற்றை மட்டும் அப்படியே விட்டிருந்தது. பாதி மாதம் நவம்பரில், மீதி வருடம் முழுக்கச் சிதறிக் கிடந்தது.

இதில் எனக்குப் பெரிய பெரிய துணைகள் உண்டு என்று பிற்பாடு தெரிந்தது. மரபணு ஆராய்ச்சியாளர்களுக்கும் இதே எக்செல்தான். 'மார்ச்1', 'செப்ட்2' என்ற மரபணுப் பெயர்களை அது தேதியாக மாற்றிவிடும். 2016இல் ஆய்விதழ்களில் இணைப்பாக வெளியான எக்செல் கோப்புகளை அலசிப் பார்த்தபோது, மரபணுப் பட்டியல் இருந்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்தது. கடைசியில் 2020இல் மரபணுப் பெயர்களையே மாற்றினார்கள். எக்செல்லை மாற்றுவதைவிட மனிதனின் மரபணுவுக்குப் பெயர் மாற்றுவது சுலபமாக இருந்திருக்கிறது! சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் கோப்புகளைக் கட்டுரையோடு வெளியே வைத்திருந்ததால்தான் மூன்றாம் மனிதர் ஒருவர் போய்ப் பார்க்க முடிந்தது. உள்ளே பூட்டி வைத்திருந்தால் பிழையும் பத்திரமாக இருந்திருக்கும்.

என் இரண்டாவது தப்பு இன்னும் மோசம். அடித்து முடித்த வருடங்களை வானிலை மையத்தின் எண்களோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எங்கள் மழைமானியில் மட்டும் மழை எப்போதும் ஒரு நாள் முன்னாடியே பெய்துகொண்டிருந்தது. தாம்பரத்தில் நாளைக்கு மழை என்றால் இங்கே இன்றைக்கு. ஏதோ பெரிய கண்டுபிடிப்பு என்று ஒரு வாரம் மிதந்தேன். விஷயம் இதுதான்: வானிலை மையத்துக்கு ஒரு நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை, அளந்த தேதியில்தான் மழையை எழுதுவார்கள். டிசம்பர் 1ஆம் தேதி எங்கள் படிக்கட்டில் ஏறிய மழை அவர்கள் கணக்கில் டிசம்பர் 2. எங்கள் பதிவேட்டை எழுதியவரோ மழை பெய்த நாளிலேயே எழுதியிருக்கிறார். இரண்டும் சரி. ஆனால் எது எப்படி என்று ஒரு வரிக் குறிப்பு எங்கும் இல்லை. அந்த ஒரு வரி இல்லாததால் எனக்கு இரண்டு மாதம் போயிற்று.

அக்கா பையன் நீர்வளத்தில் ஆராய்ச்சி செய்கிறான். சிரிப்பான் என்று நினைத்துக்கொண்டு இதைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "உங்களுக்காவது பதிவேடு கிடைச்சுது சித்தி" என்றான். அவன் துறையில் கட்டுரையின் கடைசியில் ஒரு வாக்கியம் போடுவார்கள்: நியாயமான வேண்டுகோளின் பேரில் தரவு வழங்கப்படும். அதை நம்பிப் பதினான்கு பேருக்கு மெயில் போட்டிருக்கிறான். மூன்று பதில். ஒருவர் தரவு பழைய கம்ப்யூட்டரோடு போய்விட்டது என்றார். ஒருவர் தன் பெயரையும் கட்டுரையில் சேர்ப்பாயா என்றார். மூன்றாமவர் கேட்டது, நீங்களே ஊகித்திருப்பீர்கள்: எதற்கு?

பையன் மிகைப்படுத்துகிறானோ என்று தேடிப் பார்த்தேன். 2022இல் குரோஷியாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதையே சோதித்திருக்கிறார்கள். கேட்டால் தருவோம் என்று எழுதியிருந்த 1,792 கட்டுரைகளின் ஆசிரியர்களிடம் நிஜமாகவே கேட்டார்கள். தந்தவர்கள் 122 பேர். நூற்றுக்கு ஏழுகூட இல்லை. நம்ம ஊர் கவுன்டர் மட்டும்தான் இப்படி என்று இனி நான் சொல்ல மாட்டேன்.

விலை வைப்பதும் இதே கேள்விதான், வேறு குரலில். அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் வரிசை 1972இலிருந்து பூமியைப் படம் பிடிக்கிறது. ஒரு காலத்தில் ஒரு படம் 600 டாலர். அவ்வளவு பணம் கொடுப்பதென்றால் எதற்கு என்று முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும், மேலதிகாரியிடம் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். நல்ல விற்பனை நடந்த 2001ஆம் வருடத்தில்கூட சுமார் 25,000 படங்கள்தான் போயின. 2008இல் எல்லாவற்றையும் இலவசமாக்கினார்கள். அடுத்த ஒரே வருடத்தில் பத்து லட்சத்தைத் தாண்டியது. அந்தப் பத்து லட்சம் படங்களில் எத்தனையை 'சும்மா' என்று இறக்கியிருப்பார்கள்! நானும் இறக்கியிருக்கிறேன். 2019 கோடையில் புழல் ஏரி சுருங்கிக்கொண்டே போவதைப் பதினாறு நாளுக்கு ஒரு படமாக அடுக்கி வைத்திருக்கிறேன். முடிச்சூரில் உட்கார்ந்து புழலைப் பார்க்க ஒருத்தி அமெரிக்கக் களஞ்சியத்துக்குள் நுழைவாள் என்று படம் எடுத்தவர் நினைத்திருக்க முடியாது. தருகிறவரால் எல்லாக் காரணங்களையும் யோசிக்க முடியாது. வாங்குகிறவருக்கே பாதி நேரம் தெரியாது.

எல்லாவற்றையும் திறந்து போடச் சொல்கிறேனா என்றால், இல்லை. கிளையன்ட் பேரேட்டை மூடி வைத்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். தனி மனிதரின் நோய், வருமானம், ஆதார் எண் இதெல்லாம் வேறு கதை. ஆனால் 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தியபோது, அந்தப் பிரிவுக்குள்ளேயே இருந்த பொதுநலன் விதிவிலக்கையும் எடுத்துவிட்டது. 'தனிநபர் தகவல்' என்று ஒரு வார்த்தை எழுதித் திருப்பி அனுப்புவது இனி இன்னும் சுலபமாகுமோ என்று பயமாக இருக்கிறது. மழைக்கு அந்தரங்கம் கிடையாது, அது மட்டும் நிம்மதி. அதைக்கூட யாராவது சொல்லிப் பார்ப்பார்கள்.

கொரோனாவின்போது நாடு முழுக்க என்னைப் போல ஒரு கூட்டமே உட்கார்ந்து அடித்தது. மாநிலங்கள் தினமும் வெளியிட்ட பிடிஎஃப்களையும் ட்வீட்களையும் பார்த்து, கோவிட்19இந்தியா தன்னார்வலர்கள் ஒரே அட்டவணையாக்கினார்கள். செய்தி நிறுவனங்களும் ஆய்வாளர்களும் அதைத்தான் எடுத்தார்கள். 2021 அக்டோபரோடு அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். எத்தனை நாள்தான் தூங்காமல் இருப்பார்கள்?

என் கோப்பை இணையத்தில் போட்டு மூன்று வருடம் ஆகிறது. மேலே நான்கு வரிக் குறிப்பு எழுதியிருக்கிறேன்: எந்தத் தேதி வழக்கம், என்ன அலகு, எங்கே சந்தேகம், யார் அடித்தது. பக்கத்திலேயே அந்த 168 ஸ்கேன் பக்கங்களும். மாணவர்கள் எடுப்பார்கள் என்று நினைத்தேன். முதல் மெயில் ஒரு பந்தல் காண்ட்ராக்டரிடமிருந்து வந்தது. ஐப்பசி முகூர்த்த நாள்களில் எத்தனை தடவை மழை பெய்திருக்கிறது, தகர ஷீட் போடுவதா துணிப் பந்தல் போதுமா என்று கிளையன்டிடம் பேச வேண்டுமாம். இன்னொருவர் கட்டடக் காண்ட்ராக்டர். மழையால்தான் வேலை தாமதம் என்று நிரூபிக்க 2017 நவம்பரைக் கேட்டார். நான் யாரிடமும் எதற்கு என்று கேட்கவில்லை, அவர்களாகவே சொன்னதுதான். கேட்காமல் இருப்பது அவ்வளவு சுலபம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாக்கு நுனி வரைக்கும் வரும்.

அடித்து முடித்தபோது சந்தேகக் கட்டங்கள் 41 இருந்தன. எல்லாவற்றுக்கும் மஞ்சள் பூசி வைத்திருந்தேன். பதிவேட்டின் கையெழுத்து பழகப் பழக ஒன்பதாகக் குறைந்துவிட்டன. அதில் எட்டு சில்லறை, அரை மில்லிமீட்டர் விவகாரம். ஒன்றுதான் பாடாய்ப் படுத்துகிறது. 2008 நவம்பர் 27, நிஷா புயல் வந்த நேரம். பதிவேட்டில் ஒன்று, பிறகு ஏதோ ஒன்று, பிறகு நான்கு, புள்ளி, இரண்டு. நடுவில் இருப்பது ஒன்றா ஏழா? அந்த இடத்தில் மட்டும் மை கலைந்திருக்கிறது. எழுதியவர் நனைந்துகொண்டேதான் எழுதியிருப்பார் போல. அவருடைய ஏழுக்கு எப்போதும் குறுக்கே ஒரு கோடு உண்டு. இங்கே அந்தக் கோடும் மசியும் பிரிக்க முடியாமல் கிடக்கின்றன. 114.2 என்றாலும் பொருந்துகிறது, 174.2 என்றாலும் பொருந்துகிறது. மனசுக்குள் 174 என்றுதான் படுகிறது, ஆனால் மனசில் படுவதை எழுத முடியாது என்பதால் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

ஸ்கேனில் அது 47ஆம் பக்கம், கீழிருந்து நான்காவது வரி. கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். பழைய பதிவேட்டுக் கையெழுத்து பழகியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.